பிள்ளைக்கு ஒரு நோட்டு போடுவது எப்படி

கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அட்டையில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்தபோது இருந்த எடை, இந்த மூன்றையும் எழுதிவிட்டு வாருங்கள். மீதியைச் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் 1989 முதல் 2022 வரை அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்ல மாட்டார்கள், பால்வாடிதான். நான் பால்வாடி டீச்சர். வருகைப் பதிவேடு, எடைப் பதிவேடு, முட்டைக் கணக்கு, மாவுக் கணக்கு என்று 33 வருஷமாக எழுதித் தள்ளினேன். அதெல்லாம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளை எனக்குப் புரியவைத்தது என் கைப்பையில் கிடந்த சொந்த நோட்டுதான்.

சென்னையில் இருக்கும் மருமகள் போன மாதம் போனில் கேட்டாள்: “அத்தை, பாப்பா சரியா வளர்றாளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆப்ல ஒண்ணு சொல்லுது, பக்கத்து ஃப்ளாட் அக்கா ஒண்ணு சொல்றாங்க.” பேத்திக்கு எட்டு மாதம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நோட்டை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இருபது பக்கம் பிள்ளைக்கு. அடுத்த பத்து வீட்டுக்கு. கடைசிப் பத்து தெருவுக்கு. பிள்ளையின் நோட்டில் தெருவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் முதல் மூன்று வருஷம் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பூப்பறிக்கிற அம்மா அதை மாற்றினாள்.

அவள் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். மாதத்துக்கு ஒரு நாள் எடை போடும் நாள். உத்தரத்தில் சால்டர் தராசைத் தொங்கவிட்டு, துணி ஜட்டியில் பிள்ளையின் காலை நுழைத்து மாட்டுவோம். எல்லாப் பிள்ளையும் ஊரைக் கூட்டும். எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு தூக்கி வருவார்கள். இந்தப் பிள்ளை அழவில்லை. தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தது. 7.2 கிலோ. போன மாதமும் 7.2. அதற்கு முந்தின மாதம் 7.3. வளர்ச்சி அட்டையில் மாதாமாதம் வைத்த எடைப் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு படுத்துக் கிடந்தது.

எங்கள் மதுரை மாவட்டத்துக்கு இந்தக் கோடு புதிதல்ல. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது அதைக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் செய்து பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, கோடு சரியும் பிள்ளையைப் பிடித்து அதற்கு உருண்டை கொடுப்பது. பிள்ளை குண்டா ஒல்லியா என்பது இரண்டாவது, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முதலாவது. இதைத்தான் எங்களுக்குப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுத்தார்கள்.

கோடு படுத்துவிட்டதே என்று அந்த அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். கீரை கொடு, பருப்பைக் கடைந்து கொடு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஊட்டு. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் 7.1.

அன்றைக்கு மையத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் எட்டு வயது அக்கா, இடுப்பில் தங்கச்சி. பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்தில் ஒரு சொம்பு, அதில் நீத்தண்ணி. காலையிலிருந்து அதுதான். அம்மா எங்கே என்றால், மல்லிகைத் தோட்டத்துக்கு விடியுமுன் போய்விட்டாள். வெயில் ஏறுவதற்குள் மொட்டுகளைப் பறித்துவிட வேண்டும், விரிந்த பூவுக்கு விலை கிடையாது. பதினொரு மணிக்கு அவள் ஓடிவந்தபோது மாராப்பு பால் கட்டி நனைந்திருந்தது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “டீச்சரம்மா, நீங்க சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். அஞ்சு தடவை ஊட்ட நான் இங்க இருக்கணும்ல.”

மதுரைப் பூ மார்க்கெட்டின் நேரத்துக்குத்தான் அந்தப் பிள்ளை பசியோடு இருந்தது. அதை நான் அம்மாவின் அறியாமை என்று எழுதி வைத்திருந்தேன். எதிர் வீட்டுக் கிழவியிடம் பேசினேன். சத்துமாவை வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைந்து காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் கொடுப்பது அவள் பொறுப்பு. “என் பேரனுக்கே நான் செய்யலையே” என்று முனகினாள், ஆனால் செய்தாள். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன், மத்தியானச் சோறு அங்கே இருக்கிறதே. அடுத்த மாதம் தராசு 7.5 காட்டியது. அன்றைக்குப் பிள்ளை ஊரைக் கூட்டியது. அந்த அழுகையைக் கேட்டு ஆயா சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்துதான் நோட்டு மூன்று பாகம்.

முதல் இருபது பக்கம்

வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் போதும். பிள்ளை விளையாடும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எழுதுங்கள். நினைப்பதை எழுத வேண்டாம். “அடம்” என்பது உங்கள் நினைப்பு. “செருப்பை எறிந்தான். எறியும் முன் தாத்தா டிவியை நிறுத்தினார். எறிந்த பிறகு பாட்டி பிஸ்கட் கொடுத்தாள்” என்பது பார்த்தது. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது என்று மூன்று வரி. நாலு வாரம் இப்படி எழுதினால் அடம் எங்கே உற்பத்தியாகிறது என்று தெரிந்துவிடும். பாதி நேரம் அது பாட்டியின் பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.

இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். மையத்தில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் எல்லோரையும் அடிப்பான், கடிப்பான். ஒரு நாள் ஆத்திரத்தில் “வந்துட்டான் பாரு முரடன்” என்று சொல்லிவிட்டேன். ஆயா அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. ஒரே மாதத்தில் தெருவே அவனை முரடா என்று கூப்பிட்டது, அவனும் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் மூன்று வரி எழுத ஆரம்பித்தேன். அடிதடி பெரும்பாலும் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்தான் நடந்திருந்தது. அப்பனுக்கு வெள்ளிக்கிழமை கூலி, அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் குடி. இரவு அம்மா அடி வாங்குவதைக் குதிர் மறைவிலிருந்து பார்த்துவிட்டு மறுநாள் மையத்துக்கு வருகிறான். அதன் பிறகு அந்த நாட்களில் வந்ததும் வராததுமாக அவனை மடியில் உட்கார்த்தி, முட்டை உரிக்கும் வேலையைக் கொடுத்தேன். அடிப்பது குறைந்தது. பெயர் மட்டும் போகவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறான், நல்ல பிள்ளை, என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுவான். ஊரில் இன்னும் முரடன்தான்.

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது? அட்டவணைகள் ஆயிரம் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது நம்முடைய பழைய அட்டவணை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பருவங்களை மாதக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 5ஆம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுவது. 9ஆம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. 13ஆம் மாதம் வருகை: வா வா என்றால் தளர்நடையாக வருவது. 15ஆம் மாதம் அம்புலி: நிலாவைக் காட்டி அழைப்பது. டாக்டர் கொடுக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு மாதம் முன்னே பின்னே போனால் பதற வேண்டாம். எடையும் அப்படித்தான். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பது சுமாரான கணக்கு.

அம்புலிதான் எனக்கு முக்கியம். நிலாவை நோக்கி விரலை நீட்டி “அங்க பாரு” என்கிறீர்கள். சின்னப் பிள்ளை விரலையே பார்க்கும். ஒரு வயதை ஒட்டி, விரலை விட்டுவிட்டு விரல் காட்டும் இடத்தைப் பார்க்கும். அப்புறம் அதுவே விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். பேச்சுக்கு முதல் படி அதுதான்.

ஒரு வயது முடிந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் கை நீட்டிக் காட்டவில்லை, மழலை ஒலி இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதிலும் “பால் தா”, “அம்மா வா” என்று இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் அப்படித்தான். எந்த வயதானாலும், வந்த பேச்சு நின்றுபோனால் உடனே கிளம்புங்கள். “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று வீட்டில் ஒரு கிழவி நிச்சயம் சொல்வாள். கிழவிக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2013இலிருந்து அரசு மருத்துவக் குழுவே அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. நான் அனுப்பியவர்களில் சில பேருக்கு ஒன்றுமே இல்லை என்று வந்தது. அதற்காக ஒரு பஸ் செலவு ஆனால் ஆகட்டும்.

நடுப் பத்து பக்கம்

வீட்டைப் பற்றி எழுதும்போது கூச்சம் வரும். வரட்டும். பிள்ளை கண் விழித்ததும் முதலில் பார்க்கும் முகம் யாருடையது, ஊட்டுவது யார், பக்கத்தில் படுப்பது யார், பகலில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது யார் யார் என்று எழுதுங்கள். சில வீட்டில் ஒரே பெயர் நான்கு தடவை வரும். அந்த ஆளுக்கு யார் உதவி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால், கவனிக்க வேண்டியது முதலில் அந்த ஆளைத்தான்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். பிள்ளை சத்தம் கொடுத்தது, கை நீட்டியது, முகம் பார்த்தது எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. அதற்கு யாராவது ஒரு “ம்ம்”, ஒரு “என்னடா கண்ணு”, ஒரு சிரிப்பு பதிலாகக் கொடுத்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. பத்துக் கோட்டுக்கு ஐந்தாறு புள்ளி இருந்தால் நல்ல வீடு. பத்துக்குப் பத்து யாராலும் முடியாது. மருமகள் முதல் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, பதினோரு கோட்டுக்கு இரண்டு புள்ளி என்றாள். குரல் கம்மியிருந்தது. கையில் போன் இருந்ததாம், ஆபீஸ் வேலைதானாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை நான் கொஞ்சிக்கொண்டிருந்தபோது என் மகனை, அதாவது அவள் புருஷனை, என் மாமியார்தான் வளர்த்தாள். அந்த வருஷங்களில் யாராவது என் வீட்டில் உட்கார்ந்து எண்ணியிருந்தால் என் பெயருக்கு எத்தனை புள்ளி விழுந்திருக்குமோ.

அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று இரண்டு நிமிஷம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையைக் காட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அம்மா பழையபடி சிரித்ததும் தேறிவிடும். நீங்கள் யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். போனைப் பார்க்கும் முகமும் ஏறக்குறைய அந்த முகம்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது ஜமைக்கா கதையைக் கேட்டபோது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைத் தெருக்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ளவர்கள். சாலி கிராந்தம் மெக்ரிகர் என்ற டாக்டர் நடத்தியது. சில பிள்ளைகளுக்குச் சத்துப் பால்மாவு. சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போய், வீட்டுச் சாமானில் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து விளையாட வைப்பார். சிலருக்கு இரண்டும். இரண்டு வருஷம். இருபது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள். மாவு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அத்தனை வருஷம் மாவு அளந்து போட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும்! பசித்த பிள்ளைக்கு மாவு வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்து அந்த அம்மாவோடும் பிள்ளையோடும் விளையாடியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

பொம்மைக்குக் கடைக்குப் போக வேண்டாம். இரண்டு தேங்காய்ச் சிரட்டை, தட்டினால் சத்தம். தண்ணீர் பாட்டிலில் நாலு புளியங்கொட்டை போட்டு மூடியை உருக்கி ஒட்டிவிடுங்கள், திறந்தால் தொண்டையில் சிக்கும். ஒன்றுக்குள் ஒன்று போகும் டம்ளர்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. அதில் என்ன செய்வது என்று பிள்ளை சொல்லித்தரும். நீங்கள் பதில் சொன்னால் போதும்.

வீட்டில் அடிதடி இருந்தால் அதை வெளிப்படையாக எழுதாதீர்கள், நோட்டு யார் கையிலும் சிக்கலாம். தேதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போதும். பிள்ளை மேல் கை விழுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு 1098க்குப் போன் போடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

கடைசிப் பத்து பக்கம்

தெரு என்றால் தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், கூலி எந்தக் கிழமை, சாராயக் கடை எந்தப் பக்கம், விளையாட இடம் உண்டா, யார் வீட்டு வாசல் வரைக்கும் பிள்ளை போகலாம் என்பதுதான். கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

மையத்தில் ஒரு நாலு வயதுப் பெண். மற்றப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு விளையாடும். சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் தூணோரம் போய் நின்றுகொள்ளும். கலவைச் சோறு மணத்தில் எச்சில் விழுங்குவது தொண்டையில் தெரியும். “ஏன்டி சாப்பிடல?” என்றேன். “அந்த ஆயா செஞ்சதைச் சாப்பிட்டா அம்மா திட்டும்.” எந்த ஆயா, ஏன் கூடாது என்று அதற்குத் தெரியாது. கூடாது என்பது மட்டும் தெரியும். எழுத்து தெரியுமுன் சாதி தெரிந்துவிட்டது. அதன் அம்மாவிடம் நான் ஒன்றும் வாதாடவில்லை. மறுநாளிலிருந்து ஆயா சமைத்ததை அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டு, அதே கரண்டியில் நானும் சாப்பிட்டேன். நாலு நாள் பார்த்தது. ஐந்தாம் நாள் என் தட்டில் கை வைத்தது. அம்மா வந்து சண்டை போட்டாள். போட்டுவிட்டுப் போனாள், பிள்ளையை நிறுத்தவில்லை.

தெரு கெடுப்பது மட்டும் செய்வதில்லை. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, நான் ஓய்வு பெற்ற அதே 2022இல் செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் ஒரு அக்காவின் இடுப்பிலிருந்து தங்கச்சியை இறக்கிவிட்டிருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி என்ன கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். அது நம்ம மாதிரி ஆட்களுக்கு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ளாட்டில் இருக்கும் மருமகளுக்கும் பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. தேடிப் போய் எடை போட்டுவிட்டு வந்தாள்.

இதே பக்கத்தில் இன்னொரு பட்டியல்: வீட்டுக்கு வெளியே பிள்ளையைக் கண்டதும் முகம் மலரும் ஆட்கள். பெட்டிக்கடைத் தாத்தா, மாடி வீட்டு அத்தை, யாராக இருந்தாலும். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற ஆய்வாளர் நாற்பது வயது வரை தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த பலங்களில் ஒன்று, பெற்றவர்கள் கைவிட்டாலும் பற்றிக்கொள்ள ஒரு பாட்டியோ அத்தையோ டீச்சரோ இருந்தது. பட்டியலில் ஒரு பெயர்கூட விழவில்லை என்றால் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. எழுத உட்கார்ந்தால் பிள்ளை பேனாவைப் பிடுங்கும். எட்டு மாதத்தில் வாயில் வைக்கும், ஒன்றரை வயதில் கிறுக்கும், மூன்று வயதை ஒட்டி வட்டம் மாதிரி ஒன்று வரும். திட்டாதீர்கள். உங்களுக்கு வேறொரு பேனா வாங்கிக்கொள்ளுங்கள். கிறுக்கிய பக்கத்தைக் கிழிக்காமல் ஓரத்தில் தேதி போட்டு வையுங்கள்.